போத்தல் விற்கிறவையின்ர பொறுப்பு எது?

கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிற கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை யாரும் பொழுதுபோக்குக்கு வாசிக்கிறதில்லை. எண்டாலும் ஒருக்கா மதுபானக் கம்பனி ஒன்றின் அறிக்கையை எடுத்துப் பாருங்கோ. வங்கியும் பிஸ்கட் கம்பனியும் எழுதுகிற அதே சொற்கள்தான் அங்கேயும் இருக்கும்: நிலைபேறு, சுற்றாடல், சமூகப் பொறுப்பு, வலுவூட்டல். தண்ணீரை மிச்சம் பிடித்த கதை, ஊழியர் நலன், சிரிச்ச முகங்களோட படங்கள். எல்லாம் அழகாத்தான் இருக்கும்.

எங்களிடம் இருப்பது ஒரு சின்னக் கேள்வி. பிஸ்கட் கம்பனியை அளக்கிற அதே கோலால் சாராயக் கம்பனியையும் அளக்கலாமா?

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறோம். 'குடிக்காதே' என்று புத்தி சொல்ல இதை எழுதவில்லை. அதைச் சொல்ல கோயில் இருக்கு, சேர்ச் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு, வீட்டில அம்மாவும் இருக்கிறா. எங்கட கவலை குடிக்கிறவரைப் பற்றியதில்லை, விற்கிறவரைப் பற்றியது. எங்கட நாட்டில் மதுவைப் பற்றிய பேச்சு எப்பவும் வாங்குகிறவரின் ஒழுக்கத்தைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. 2018 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கோ. பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாது என்று 1979இல் இருந்து இருந்த விதியை நிதியமைச்சர் நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாடே அதைப் பற்றிக் கதைத்தது. விற்கிறவை எப்படி விற்கினம், எங்க விற்கினம், ஆருக்கு விற்கினம் என்று அந்த நாட்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

கணக்கு எங்க இடிக்குது?

பிஸ்கட் கம்பனி 'அளவாச் சாப்பிடுங்கோ' என்று சொன்னால் அதன் வியாபாரம் படுத்துவிடாது. மது வியாபாரம் அப்படியில்லை. இங்கிலாந்தில் மது விற்பனையில் வரும் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கணக்குப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. அரசாங்கம் பரிந்துரைத்த அளவுக்கு மேல் குடிக்கிறவர்கள் சனத்தொகையில் நான்கில் ஒரு பங்கினர்தான். ஆனால் விற்பனை வருமானத்தில் 68 சதவீதம் அவர்களிடமிருந்துதான் வருகிறது. அதிலும் மிகக் கடுமையாகக் குடிக்கிற 4 சதவீதமானவர்கள் மட்டும் வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள்.

இந்த எண்களின் அர்த்தம் என்ன? எல்லாரும் 'பொறுப்போடு' குடிக்கத் தொடங்கினால் அந்த வியாபாரத்தின் பெரும்பகுதி காணாமல் போய்விடும். போத்தல் லேபிளில் 'பொறுப்போடு அருந்துங்கள்' என்று அச்சடிக்கிறவர், உண்மையில் தன்னுடைய முதல்தர வாடிக்கையாளரை இழக்கச் சொல்லிக் கேட்கிறார். அவர் அதை மனதாரச் சொல்லுவார் என்று நம்ப எங்களால் முடியவில்லை. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுற கதைதான்.

இதனால் நாங்கள் ஒரு அளவுகோலை முன்வைக்கிறோம். உழைத்த இலாபத்தில் கொஞ்சத்தை எடுத்து என்ன நல்லது செய்தீர்கள் என்று கேட்பது முதலாவது கேள்வி அல்ல. இலாபம் உழைக்கக் கிடைத்த எந்த வாய்ப்பை வேண்டாமென்று விட்டீர்கள் என்பதே முதலாவது கேள்வி. மரம் நடுவதற்குச் செலவு கொஞ்சம். பின்னேரம் கடையை வேளைக்குப் பூட்டுறதுக்குத்தான் செலவு கூட.

சுவீடன்காரர் என்ன செய்கினம்?

இப்படி இலாபத்தை விட்டுக்கொடுக்கிற சாராயக்கடை உலகத்தில் எங்கேயாவது இருக்கா என்று கேட்டால், கிட்டத்தட்ட இருக்கு என்று சொல்லலாம். சுவீடனில் சிஸ்டம்போலாகெட் என்று ஒரு அரச நிறுவனம். 3.5 சதவீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பியர், வைன், சாராயம் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக வாங்குவதென்றால் பொதுவாக அங்கேதான் வாங்க வேண்டும். நோர்வேயில் இதே மாதிரி வின்மொனோபோலெட் இருக்கு. அங்கே 1922இல் தொடங்கியது. ஒஸ்லோவில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 'சனிக்கிழமை பின்னேரத்துக்கு முன்னம் வாங்காட்டி அவ்வளவுதான்' என்று அவர்கள் புறுபுறுப்பது இந்தக் கடையைப் பற்றித்தான்.

சுவீடனில் இது ஒரே நாளில் வந்ததில்லை. 1850இல் பாலுன் என்ற சுரங்க ஊரில், மது விற்பனையின் இலாபம் தனிப்பட்டவரின் பைக்குள் போகாமல் பொதுக் காரியத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு தொடங்கியது. 1865இல் கோத்தன்பர்க் நகரம் அதைப் பெரிதாகச் செய்தது. 1922இல் முழு மதுவிலக்குக்கு ஒரு பொதுசன வாக்கெடுப்பு நடந்து, மயிரிழையில் தோற்றது. அதற்குப் பதிலாக நீண்டகாலம் கூப்பன் கொப்பி முறை இருந்தது. எங்கட சங்கக்கடைக் கூப்பன் மாதிரி, ஒருவருக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அதிலும் அநியாயம் இருந்தது. கலியாணம் கட்டிய பெண்களுக்குத் தனிக் கொப்பி கிடையாது. 1955இல் அந்தக் கொப்பியை ஒழித்து, ஊர் ஊராக இருந்த கம்பனிகளை ஒன்றாக்கியபோது பிறந்ததுதான் இன்றைய நிறுவனம்.

இந்தக் கடையின் விசேஷம் என்ன? 20 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பனை இல்லை. கவுன்ரரில் உண்மையாகவே அடையாள அட்டை கேட்கிறார்களா என்று பார்க்க, இளம் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்பிச் சோதிக்கிறார்கள். சனிக்கிழமை பின்னேரம் 3 மணியோட பூட்டு, ஞாயிறு முழுநாளும் பூட்டு. 'இரண்டு வாங்கினால் ஒன்று இனாம்' கிடையாது. ஆறு ரின் சேர்த்து வாங்கினால் மலிவு என்பதும் கிடையாது, ஒரு ரின் என்ன விலையோ ஆறுக்கும் அதே விலைதான். எந்தக் கம்பனியின் போத்தலாக இருந்தாலும் கடை வைக்கிற இலாபத்துக்கு ஒரே சூத்திரம். அதனால் ஒரு பிராண்டைத் தள்ளி விற்கவேண்டிய தேவை விற்பனையாளருக்கு இல்லை. இந்தத் தனியுரிமை ஐரோப்பியச் சந்தை விதிகளுக்கு முரணானது என்று வழக்குப் போனது. சுகாதாரம் கருதி வைத்திருக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1997இல் தீர்ப்புச் சொன்னது.

இந்த அடித்தளம் இருப்பதால்தான் அவர்களின் 'நிலைபேறு' பற்றிய பேச்சை நாங்கள் காதுகொடுத்துக் கேட்கிறோம். வைன் வியாபாரத்தில் சூழலுக்கு வருகிற கேட்டில் பெரிய பங்கு கண்ணாடிப் போத்தலுக்கு. உருக்க வெப்பம் வேணும், ஏற்றி இறக்க எண்ணெய் வேணும். அதனால் பாரம் குறைந்த போத்தல், கடதாசிப் பெட்டி என்று மாறும்படி உற்பத்தியாளர்களைத் தள்ளுகிறார்கள். ஒரு நாட்டின் சில்லறை விற்பனை முழுக்க ஒரு கையில் இருந்தால் இப்படித் தள்ளுவதற்குப் பலம் இருக்கும்.

ஆனால் அவர்களும் தேவதூதர் இல்லை. 2003இல் இந்த நிறுவனத்தின் கடை மனேஜர்கள் பலர் வைன் விநியோகஸ்தரிடம் இலஞ்சம் வாங்கிய கதை வெளியில் வந்து, வழக்கு வரைக்கும் போனது. 2016இல் டென்மார்க்கின் ஆவணப்பட இயக்குநர் ரொம் ஹைனமன் 'கசப்புத் திராட்சை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு படம் எடுத்தார். தென்னாபிரிக்கத் திராட்சைத் தோட்டங்களில் தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள், மருந்தடிக்கும்போது பாதுகாப்பு இருக்கா, சம்பளம் என்ன என்று அது காட்டியது. அந்த வைனை வாங்கி விற்றவர்களில் நோர்டிக் நாடுகளின் அரச கடைகளும் உண்டு. தங்கட நாட்டில் குடிகாரர் உருவாகக் கூடாது என்று கவனமாக இருந்தவர்களுக்கு, திராட்சை பிடுங்கின கையைப் பற்றிய கேள்வி பிந்தித்தான் வந்தது. அதுவும் கமரா போன பிறகு.

தோட்டம், லயன், நாட்சம்பளம் என்ற சொற்களோடு வளர்ந்த மலையக நண்பர்களுக்கு இந்தப் படத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கேப் பகுதித் தோட்டங்களில் ஒருகாலம் சம்பளத்தில் ஒரு பகுதியை வைனாகவே கொடுத்தார்கள். அந்த முறை சட்டப்படி ஒழிந்து கனகாலம். ஆனால் தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கிற பிள்ளைகளின் விகிதம் உலகிலேயே மிகக் கூடிய இடங்களில் ஒன்றாக அந்தப் பகுதி இன்றைக்கும் இருக்கு. வருசாந்த அறிக்கையில் படமாக வராத சமூகப் பொறுப்பு அது.

அரசாங்கம் விற்றால் காணுமா?

'அப்ப எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்து நடத்தட்டும்' என்று சிலர் சொல்லுவினம். அதிலும் அவசரப்படக்கூடாது. தமிழ்நாட்டின் டாஸ்மாக் 1983இல் தொடங்கிய அரச நிறுவனம். 2003இல் இருந்து சில்லறை விற்பனையும் முழுக்க அதன் கையில். சுவீடன் மாதிரி அரச ஏகபோகம்தான், ஆனால் நோக்கம் வேறு. அங்கே கடை இருப்பது விற்பனையை மட்டுப்படுத்த. இங்கே கடை இருப்பது கஜானாவை நிரப்ப. நீலகிரிக் காடுகளில் உடைந்த போத்தல்கள் யானையின் காலைக் கிழிக்குது என்று பிரச்சினை வந்தபோது, போத்தலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கிற திட்டம் 2022இல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அது நிறுவனத்தின் மனச்சாட்சியில் இருந்து வரவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது.

கனடாவின் ஒன்ராறியோவைப் பாருங்கோ. எங்கட ஆக்கள் நிறையப் பேர் வாழ்கிற மாகாணம். அங்கேயும் 1927இல் இருந்து எல்.சி.பி.ஓ. என்ற அரச நிறுவனம்தான் சாராயம் விற்கிறது. 1962 வரைக்கும் அங்கே வாங்குவதற்கே பெர்மிட் வேணும். 2024க்கு முந்தின சில வருசங்களில் வருசாவருசம் மாகாண அரசுக்குக் கிட்டத்தட்ட 250 கோடி டொலர் கொடுத்து வந்தது. 2024இல் மாகாண அரசு மூலைக்கடைகளிலும் பியர், வைன் விற்கலாம் என்று திறந்துவிட முடிவெடுத்தது. அதே வருசம் ஜூலையில் ஊழியர்கள் அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதல்தடவையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை பறிபோகும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது, அது நியாயம். ஆனால் அதோட இன்னொரு கேள்வியும் இருக்கு: பயிற்சி எடுத்த ஊழியர் வயதைக் கேட்டு விற்பதும், இரவு 11 மணிக்குத் தனியாக நிற்கிற கடைக்காரப் பெடியன் விற்பதும் ஒன்றா?

ஆக, அரசு விற்குதா தனியார் விற்குதா என்பதை விட, விற்பனை கூடினால் யாருக்குச் சந்தோசம் என்பதுதான் கேள்வி. அதிகாரத்தில் இருக்கிறவருக்குச் சந்தோசம் என்றால் கட்டுப்பாடு நிலைக்காது.

எங்கட பக்கம்

இப்ப ஊருக்கு வருவம். எங்கட சட்டம் மோசமில்லை. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை உருவானது. மதுபான விளம்பரம் தடை. மது பிராண்டின் பெயரில் விளையாட்டு, கலை, கல்வி நிகழ்வுகளுக்கு அனுசரணை கொடுக்கத் தடை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கத் தடை. போயா தினத்தில் கடை பூட்டு. தாளில் பார்த்தால் பல பணக்கார நாடுகளை விட இறுக்கமானது.

ஆனால் விளம்பரக் கதவைப் பூட்டினால் நற்பணிக் கதவு திறக்கும். பிராண்ட் பெயர் போட முடியாத இடத்தில் உரிமையாளரின் பெயர் வரும், 'நலன்விரும்பி' என்று வரும். கழகத்துக்கு ஜேர்சி, கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி. வாங்குகிற பிள்ளையிலோ கழகத்திலோ நாங்கள் பிழை சொல்ல மாட்டோம். ஜேர்சி வாங்கக் காசில்லாத கழகத்துக்குக் காசு எங்கிருந்து வந்தாலும் காசுதான். பிழை, அந்தத் தண்ணீர்த் தாங்கியைக் காட்டி, அடுத்த பெமிற்றுக்கு ஊர் வாயைத் திறக்க முடியாமல் செய்வதில் இருக்கு.

'பார் பெமிற்' என்ற சொல் 2024 தேர்தல் மேடைகளில் எப்படி அடிபட்டது என்று வடக்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த வருசம் வழங்கப்பட்ட 300க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. யார் யாருக்குச் சிபாரிசு செய்தார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். சரியான கேள்விதான். அதோட இன்னொன்றையும் கேட்டிருக்க வேணும்: கடை வரப்போகிற அந்த ஊரிடம் யாராவது கேட்டார்களா? மாதர் சங்கம் வீதியில் இறங்கிப் பதாகை பிடிக்கிறது எப்பவும் கடை திறந்த பிறகுதான். அடித்தளமாக இருக்கிற மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912இல் வெள்ளைக்காரன் வரி அறவிட எழுதியது. மதுவரித் திணைக்களத்துக்கு இன்றைக்கும் வருசாவருசம் வருமான இலக்குக் கொடுக்கப்படுகிறது. ஒரே கையால் விற்பனையைக் கட்டுப்படுத்து, மற்றக் கையால் வருமானத்தைக் கூட்டு என்று ஒரு திணைக்களத்திடம் சொன்னால் எந்தக் கை வெல்லும்?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மதுக் கம்பனியின் முதலாவது சமூகப் பொறுப்பு வரி கட்டுவது. வரிப் பாக்கிக்காக மதுபான உற்பத்தி நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்த வேண்டிய நிலையும் இந்த நாட்டில் வந்திருக்கு. கட்டவேண்டிய காசைக் கட்டாமல் கொடுக்கிற நன்கொடை, எங்கட காசையே எங்களுக்குத் தருமம் பண்ணுவதாகும்.

கதைக்கவேண்டிய இன்னொரு கடையும் இருக்கு. கள்ளுத் தவறணை. வடக்கில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகிற தவறணைகளில், மரத்தில் ஏறுகிறவரே சங்க அங்கத்தவர். விற்கிற காசு கொழும்புக்குப் போகாமல் ஏறினவரின் வீட்டுக்கு வருகிறது. சாதியின் பெயரால் அந்தத் தொழிலையும் தொழிலாளியையும் இழிவாகப் பார்த்த சமூகத்தில், கூட்டுறவுதான் அவர்களுக்குக் கொஞ்சம் பேரம் பேசுகிற பலத்தைத் தந்தது. பக்கத்தில் புதுசு புதுசாகப் பார் வந்தால் கள்ளு தேங்குது என்று சங்கங்கள் கனகாலமாகச் சொல்லுகின்றன. கள்ளும் மதுதான், தவறணைக்குப் போய் அழிந்த குடும்பமும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். ஆனால் மரத்தை வெட்டாமல் வளர்த்து, உள்ளூரில் உற்பத்தியாகி, தொழிலாளிக்கே உரிமை உள்ள ஒரு வியாபாரத்தை 'நிலைபேறு' என்று ஒருவரும் அறிக்கை எழுதிக் கொண்டாடவில்லை. அவர்களிடம் வழவழப்பான தாள் இல்லை, அதுதான் காரணம்.

கசிப்பு வருமே?

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று இருக்கு. 'கட்டுப்பாட்டைக் கூட்டினால் சனம் கசிப்புக்குப் போகும்.' விலை தாங்க முடியாமல் உயர்ந்தால் அது உண்மையாகவே நடக்கும், கசிப்பு கண்ணையும் உயிரையும் எடுக்கும். ஆனால் நாங்கள் கேட்பது விலையைக் கண்டபாட்டுக்கு ஏற்றச் சொல்லி இல்லை. ஒரே சந்தியில் மூன்றாவது கடை வேண்டாம், பள்ளிக்கூடம் விடுகிற வழியில் வேண்டாம், 21 வயதைக் கேட்காமல் விற்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம். மூன்றாவது கடையைத் திறந்தால் கசிப்பு நிற்கும் என்றால், பார் கூடின ஊர்களில் இப்ப கசிப்பே இருக்கக்கூடாதே.

அப்ப என்ன கேட்பம்?

புது அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம் வந்த உடனேயே, கொடுத்த பிறகில்லை, பிரதேச செயலகத்தில் விண்ணப்பகாரரின் பெயரோடும் சிபாரிசு செய்தவரின் பெயரோடும் அறிவித்தல் போட வேணும். ஊர்ச் சங்கங்களின் அபிப்பிராயம் எழுத்தில் பதிவாக வேணும். கவுன்ரரில் அடையாள அட்டை கேட்கிறார்களா என்று ஒழுங்காகச் சோதித்து, முடிவைக் கடையின் பெயரோடு வெளியிட வேணும். விற்ற போத்தலையும் ரின்னையும் திருப்பி எடுக்கிற பொறுப்பு விற்றவருக்கே என்று சட்டமாக்க வேணும். குளக்கரையிலும் கடற்கரையிலும் சிரமதானம் செய்து கண்ணாடி பொறுக்குகிறது நாங்கள், இலாபம் அவர்களுக்கு என்பது சரியில்லை. சமூகப் பொறுப்புக்கு என்று ஒதுக்குகிற காசு லோகோ இல்லாமல், பெயர்ப்பலகை இல்லாமல், ஒரு பொது நிதிக்குப் போகட்டும். குடியை விட விரும்புகிற ஒருவருக்குச் சிகிச்சை, அவரின் மனிசி பிள்ளைகளுக்கு உதவி என்று அதில் இருந்து செலவாகட்டும்.

இதெல்லாம் வரும்வரைக்கும் எங்கட கையில் இருப்பது ஒன்று. கழகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ காசோலையோடு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கோ. உங்கட கடையில் அடையாள அட்டை கேட்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்கள்? உங்கட வெறும் போத்தலை யார் பொறுக்கினம்? வரி கட்டி முடிச்சீங்களா? மூன்றுக்கும் மறுமொழி இருந்தால் காசை வாங்குகிறதா விடுகிறதா என்று கழகக் கூட்டத்தில் வைத்து முடிவெடுங்கோ. மறுமொழி இல்லாவிட்டால், படம் எடுக்க மேடையில் இடம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கோ.